வெட்கச் சதுக்கம்

அந்தப் படியில இருக்காதேங்கோ பிள்ளை, ஈரம். இஞ்சால வாங்கோ, இந்தக் கல்லு காஞ்சிருக்கு. தமிழ்தானே? போனில "சொல்லுங்க, சொல்லுங்க" எண்டு நீங்கள் சத்தமாக் கதைக்கேக்கையே தெரிஞ்சிட்டுது, இந்தியா எண்டு. நாங்கள் "சொல்லுங்கோ" எண்டுவம். நான் கதைக்கிறது விளங்குதுதானே? விளங்காட்டிக் கேளுங்கோ, திருப்பிச் சொல்லுறன். எனக்கு இண்டைக்குப் பின்னேரம் வேலை இல்லை. உங்கட பஸ்ஸும் இப்ப வரப்போறதில்லை. பலெர்மோவில ஒண்டும் சொன்ன நேரத்துக்கு வராது.

என்னத்தைப் படம் எடுத்தனீங்கள், உந்தச் சிலையளையோ? எல்லாரும் எடுக்கினம். எடுத்துப்போட்டு ஊருக்கு அனுப்ப ஏலாமல் முழிப்பினம். ஒண்டின்ர உடம்பிலயும் ஒரு முழத் துணி இல்லை. கிழவன் எண்டில்லை, குமர் எண்டில்லை, எல்லாம் பிறந்த மேனிக்கு நிக்குதுகள். இந்த ஊர்ச் சனமே இதுக்கு வெட்கச் சதுக்கம் எண்டு பேர் வச்சிருக்கு, தெரியுமோ? நான் சொல்லேல்லை, அவையே வச்ச பேர். அங்கால பாருங்கோ, அது கன்னியாஸ்திரி மடம். இந்தப் பக்கம் தேவாலயம். நேர நிக்கிறது நகரசபை. மடத்துக்கும் கோயிலுக்கும் கந்தோருக்கும் நடுவில கொண்டந்து உதுகளை நிப்பாட்டியிருக்கினம். யன்னலைத் திறந்தால் கன்னியாஸ்திரியளுக்கு உதுதான் காட்சி. அவை பொறுக்கேலாமல் ஒரு நாள் சுத்தியலோட இறங்கி வந்து மூக்குகளை உடைச்சதெண்டு ஒரு கதை இருக்கு. மூக்கை மட்டுமில்லை. விடுங்கோ, நீங்கள் சின்னப் பிள்ளை.

அது சும்மா கட்டுக்கதையாம். என்ர மகள் சொன்னவள். அவளுக்குத் தெரியாததே? உந்தச் சிலையளை எல்லாம் கழுவினது அவள்தான். சாம்பவி எண்டு பேர். தனியக் கழுவினதெண்டு சொல்லேல்லை, அஞ்சாறு பேர் சேர்ந்துதான். ஆனா உந்தத் தாடிக்கிழவன், கையில பானையைச் சரிச்சுப் பிடிச்சுக்கொண்டு சாஞ்சு கிடக்கிறாரே, அவர் முழுக்க அவளின்ர வேலை. அவர் ஒரு ஆறாம். இந்த ஊருக்குப் பக்கத்தில ஓடுற ஆறு. ஆத்தை ஆம்பிளையாச் செய்து வச்சிருக்கினம், அதுவும் உடுப்பில்லாமல்.

கழுவினது எண்டு சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். ரெஸ்தவுரோ எண்டு சொல்லவேணுமாம். பழைய கல்லில ஊத்தை எடுத்து, வெடிச்சதை ஒட்டி, முந்தி இருந்த மாதிரி ஆக்கிறது. அதுக்கு ஒரு படிப்பு, அஞ்சு வருசம். கையில என்ன? வாளி, தூரிகை, பஞ்சு. நான் கேக்கிறன், வாளியும் பஞ்சும் எண்டால் அது கழுவுறதோ இல்லையோ? நான் ஏதும் பிழையாச் சொன்னனானே?

ஊத்தை எல்லாத்தையும் எடுக்கக்கூடாதெண்டும் சொல்லுவாள். எது ஊத்தை, எது கல்லுக்குப் பட்ட வயசு எண்டு பாத்துத்தான் எடுக்க வேணுமாம், வயசை எடுத்தால் கல்லு செத்துப்போகுமாம். எனக்கு ஊத்தை எண்டால் ஊத்தை. நான் முப்பது வருசமா இந்த ஊரில வீடு கழுவுறன். எங்கட ஊர் சுழிபுரத்தில இருந்து வந்த அடுத்த கிழமையே வாளியைத் தூக்கினது. இந்த வீதியில இருக்கிற பளிங்குப் படி எல்லாம் என்ர முழங்காலுக்குத் தெரியும். அதாலதான் பிள்ளை, எனக்கு ஒரே ஒரு ஆசை. என்ர மகள் கதிரையில இருந்து வேலை செய்ய வேணும். மேல மின்விசிறி, முன்னுக்கு மேசை, சுத்தமான கை. பெரிய ஆசையே இது? அவள் போய் என்னட்டை இருந்த அதே வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து நிண்டாள். தூக்கினதும் இல்லாமல் பட்டமும் வாங்கிக்கொண்டு வந்தாள்.

உந்தப் பொந்தானாதான் அவளைக் கெடுத்தது. பொந்தானா எண்டால் நீரூற்று. இஞ்ச எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறது. அதோ அந்த மஞ்சள் கட்டிடம், ரெண்டாம் மாடி, பச்சை யன்னல், அதுதான் நான் இப்பவும் வேலை செய்யிற வீடு. அப்புக்காத்து வீடு. நீங்கள் வக்கீல் எண்டுவீங்கள். அவள் பள்ளிக்கூடத்தால ஒரு மணிக்கு வந்திடுவாள், எனக்கு வேலை முடியப் பின்னேரமாகும். அந்த வீட்டுச் சிஞ்ஞோரா, வீட்டுக்கார அம்மா, பிள்ளையளை உள்ளுக்கு விடா. எங்க விடுறது? இந்தப் படியில இருத்திப்போட்டு, அசையக்கூடாது எண்டு சொல்லிப்போட்டு மேல போவன். யன்னல் துடைக்கேக்க எட்டிப் பாப்பன். பிள்ளை வேலிக்குள்ளால கையை விட்டு, சுத்திவர இருக்கிற மிருகத் தலையளைத் தடவிக்கொண்டு நிக்கும். ஆட்டுக்கு ஒரு பேர், குதிரைக்கு ஒரு பேர். வீட்டை வந்து அதுகளுக்குப் பசிக்குமோ எண்டு கேக்கும். அப்பவே நான் யோசிச்சிருக்க வேணும், இந்தக் கல்லுகள் பிள்ளையைப் பிடிச்சிட்டுது எண்டு.

அந்தச் சிஞ்ஞோராவைப் பற்றி ஒண்டும் குறைவாச் சொல்லமாட்டன். நல்ல மனிசி. நத்தாருக்கு, நீங்கள் கிறிஸ்மஸ் எண்டுவீங்கள், ஒரு கேக் தருவா. ஒருக்கா இந்த வீதியிலதான், தன்ர சிநேகிதியளோட வாறா. நான் எதிரில வாறன். காலமைதான் அவவுக்குத் தலை முழுக வாத்துவிட்டனான், அண்டைக்கு அவவுக்குக் கையில வாதம். நான் சிரிச்சன். அவ ஒரு கடையின்ர கண்ணாடியைப் பாத்துக்கொண்டு போயிட்டா. அதுக்கு நான் கோபிக்கேல்லை. அவவின்ர சிநேகிதியள் பெரிய இடம். ரெண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கேல்லை, அது காய்ச்சலா இருக்கும்.

எங்க விட்டனான்? ஓம், மகள். அவளுக்குக் கலியாணம் பேசின கதையைச் சொல்ல வேணும்.

லண்டனில எங்கட ஊர் ஆக்கள் இருக்கினம். அவை மூலமா ஒரு மாப்பிள்ளை பொருந்தி வந்தது. கீர்த்தனன் எண்டு பேர், கணக்காளர், கதிரையில இருந்து செய்யிற வேலை. தாய் இந்திராணி மட்டும்தான், தகப்பன் இல்லை. சாதகம் சரி, படம் சரி. பிள்ளை என்ன செய்யிறா எண்டு தாய் போனில கேட்டவா. நகரசபையில வேலை எண்டு சொன்னனான். பொய்யே? உந்தப் பொந்தானா நகரசபையின்ர. அதைக் கழுவ ஆக்களை எடுத்ததும் நகரசபை. சம்பளமும் அங்க இருந்துதான். நான் பொய் சொல்லேல்லை, மிச்சத்தைச் சொல்லேல்லை, அவ்வளவுதான். உடுப்பில்லாத ஆம்பிளைச் சிலையைப் பஞ்சால துடைக்கிறாள் எண்டு மாப்பிள்ளையின்ர தாய்க்கு எந்தத் தாய் சொல்லுவாள்? நீங்களே சொல்லுங்கோ.

விடுமுறைக்கு வாற மாதிரி வந்து பிள்ளையைப் பாத்திட்டுப் போறம் எண்டிச்சினம். நான்தான் ஞாயிற்றுக்கிழமை எண்டு நாள் குறிச்சனான். ஞாயிறில இஞ்ச ஒரு குருவியும் வேலை செய்யாது. பகல் நான் ஊர் சுத்திக் காட்டுறது, இரவு வீட்டில சாப்பாடு, அங்க பிள்ளையைக் காட்டுறது. எவ்வளவு வடிவான ஒழுங்கு. மகளுக்கு மாப்பிள்ளை எண்டு சொல்லேல்லை, சொன்னால் முரண்டு பிடிப்பாள். லண்டனில இருந்து தெரிஞ்ச ஆக்கள், இரவுக்கு வந்திடு எண்டு மட்டும்தான். அவள் முதல் நாள் குசினி வாசலில நிண்டு ஏதோ சொன்னவள், பொந்தானா திறக்கிற நாள் கிட்டுது, இந்த ஞாயிறும் வேலை எண்டு. நான் வடைக்குப் பருப்பு அரைச்சுக்கொண்டு நிண்டனான். அந்த மெசின் சத்தத்தில ஆருக்குக் கேக்கும்?

வந்தினம். நல்ல ஆக்கள்தான். முதல் நாலு மூலைச் சந்திக்குக் கூட்டிக்கொண்டு போனன். பாத்தனீங்களே, இந்தா பக்கத்திலதான். நாலு மூலையிலயும் நாலு கட்டிடம், எல்லாம் உள்ளுக்கு வளைஞ்சு ஒண்டை ஒண்டு பாத்துக்கொண்டு நிக்கும். கீழ பருவகாலச் சிலை, நடுவில ராசா, மேல ஊரைக் காக்கிற புனிதை. மாப்பிள்ளைப் பெடியன் அண்ணாந்து பாத்துக்கொண்டே நிண்டான். இது எப்ப கட்டினது, ஏன் வளைச்சுக் கட்டினது எண்டு ஒரே கேள்வி. என்ர மகளைக் கேட்டால் நிண்ட நிலையில சொல்லுவாள். நான் என்னத்தைக் கண்டன், வாங்கோ பெரிய கோயிலைக் காட்டுறன் எண்டு எதிர்ப்பக்கம் இழுத்தன்.

தாய் வரமாட்டன் எண்டிட்டா. பிள்ளை வேலை செய்யிற நகரசபையைப் பாக்க வேணுமாம், அதுக்கு முன்னால நிண்டு ஒரு படம் எடுத்துத் தன்ர தமையனுக்கு அனுப்ப வேணுமாம். சந்தியில இருந்து பாத்தாலே இந்தப் படி தெரியுது, எப்பிடி மறைக்கிறது? சரி, ஞாயிறுதானே, சிலையளைச் சுத்திச் சும்மா சாரம் கட்டிக் கிடக்கும், ஆக்கள் இருக்கமாட்டினம் எண்டு கூட்டிக்கொண்டு ஏறினன்.

ஏறினால், ஐயோ பிள்ளை, சாரம் முழுக்க ஆக்கள்.

எல்லாருக்கும் வெள்ளை அங்கி, தலையில தொப்பி, மூக்கில மாஸ்க். என்ர மகள் எது எண்டு எனக்கே ஒரு கணம் தெரியேல்லை. பிறகு கண்டன். உந்தத் தாடிக்கிழவனுக்குப் பக்கத்தில முழங்காலில நிண்டு அவற்ற துடையைத் துடைக்கிறாள். துடையை. நான் அவையை மறைச்சு நிண்டு, இந்தா நகரசபை, படத்தை எடுங்கோ, வெய்யில் ஏறுது எண்டு அவசரப்படுத்தினன்.

அவள் திரும்பிப் பாத்தாள். மாஸ்க்கைக் கீழ இழுத்துப்போட்டு, கையைத் தூக்கி, "மம்மா" எண்டாள். இஞ்சத்தைப் பிள்ளையள் வெளியில அப்பிடித்தான் கூப்பிடுங்கள். முகம் முழுக்கச் சிரிப்பு. அவ்வளவு சந்தோசம். ஏன் அவ்வளவு சந்தோசப்பட்டவள் எண்டு எனக்கு இண்டுவரைக்கும் விளங்கேல்லை. அவள் வேலை செய்யிறதை நான் அதுக்கு முதல் ஒரு நாளும் வந்து பாத்ததில்லை, அதுவா இருக்கும்.

இந்திராணி கேட்டவா, ஆர் உது, உங்களையெல்லோ கூப்பிடுது எண்டு.

"தெரியாது," எண்டன். "ஆரோ கழுவுற பெட்டை. உவை ஆரைக் கண்டாலும் கூப்பிடுவினம்."

அவ்வளவுதான். நான் அடிச்சனானே, ஏசினனானே? அவளின்ர நன்மைக்கு ஒரு வசனம் சொன்னன். அவள் கையை இறக்கினாள். மாஸ்க்கை மேல இழுத்தாள். திரும்பிக் கல்லைத் துடைக்கத் தொடங்கினாள். பாருங்கோ, எவ்வளவு விளக்கமான பிள்ளை, தாயின்ர நிலைமையை உடன விளங்கிக்கொண்டாள் எண்டு நான் நினைச்சனான். பிறகு இவரிட்டை, என்ர மனிசனிட்டைக் கேட்டனான், நான் சொன்னது அவளுக்குக் கேட்டிருக்குமோ எண்டு. உந்தச் சதுக்கத்தில நாலு பக்கமும் கல்லுச் சுவர், குசுகுசுத்தாலும் கேக்கும் எண்டார். அவருக்கு எப்பவும் என்னில பிழை பிடிக்கிறதுதான் வேலை.

இரவு அவள் வந்தாள். வராமல் விட்டிடுவாளோ எண்டு நான் பயந்துகொண்டிருந்தனான், இல்லை, நேரத்துக்கு வந்தாள். குளிச்சாள், நான் எடுத்து வச்ச சீலையை உடுத்தாள், தேத்தண்ணி கொண்டந்து குடுத்தாள். எல்லாருக்கும் வணக்கம் சொன்னாள். எனக்கு நெஞ்சு குளிர்ந்து போச்சுது. இந்திராணிக்கு முகமெல்லாம் சிரிப்பு. அப்ப அந்தப் பெடியன் ஒரு கேள்வி கேட்டான். மரியாதையாத்தான் கேட்டான். காலமை பொந்தானாச் சாரத்தில நிண்டது நீங்களோ எண்டு.

"ஓம்," எண்டாள். "அம்மாவுக்கு என்னைத் தெரியேல்லை."

கோபமாச் சொல்லேல்லை. தேத்தண்ணிக்குச் சீனி காணுமோ எண்டு கேக்கிற மாதிரிச் சொன்னாள். இவர் எழும்பி யன்னலடிக்குப் போயிட்டார். நான் சிரிச்சுப்போட்டு, அந்த வெள்ளை அங்கிக்குள்ள ஆரை ஆர் மட்டுக்கட்டுறது, வடை எடுங்கோ எண்டன். ஒருத்தரும் எடுக்கேல்லை.

அடுத்த கிழமை இந்திராணி போன் எடுத்தா. பிள்ளையை நல்லாப் பிடிச்சிருக்காம். மகனுக்கு அவளின்ர வேலையில சரியான விருப்பமாம், லண்டனுக்குப் போன நேரம் தொட்டு அதையேதான் கதைக்கிறானாம். ஆனா பெத்த பிள்ளையைத் தெரியாதெண்டு சொல்லுற வீட்டில சம்பந்தம் செய்யத் தனக்குப் பயமா இருக்காம். சாட்டு, பிள்ளை, எல்லாம் வெறும் சாக்கு. சிலை கழுவுறவளை எடுக்க மனமில்லை, அதை நேர சொல்லத் தைரியமில்லை. நான் அப்பிடிச் சொல்லியிருக்காட்டி முதல் நாளே பிளேன் ஏறியிருப்பினம்.

மகள் அந்த மாதமே வீட்டை விட்டுப் போனாள். சண்டை பிடிச்சுக்கொண்டு போகேல்லை. என்னைக் கொஞ்சிப்போட்டுத்தான் போனாள். வேலைக்குக் கிட்ட ஒரு அறை எடுத்திருக்கிறன் அம்மா எண்டாள். எங்கட வீட்டில இருந்தும் நடந்து வாற தூரம்தான். ஒரு சத்தம் போட்டிருந்தால், ஒரு கோப்பையை உடைச்சிருந்தால், நானும் ரெண்டு வசனம் ஏசியிருப்பன், பிறகு சமைச்சுப் போட்டிருப்பன், சரியாகியிருக்கும். அவள் ஒண்டும் கேக்கேல்லை. கேக்காத கேள்விக்கு நான் என்னெண்டு பதில் சொல்லுறது?

அதுக்குப் பிறகுதான் நான் இந்தக் கல்லில வந்து இருக்கத் தொடங்கினது. வேலை முடிய வருவன், அவை சாரத்தால இறங்கும் வரைக்கும் இருப்பன். அவள் காணுவாள். தலையை ஒருக்கா ஆட்டுவாள். நானும் கிட்டப் போகமாட்டன், வேலை நேரத்தில என்னத்துக்குக் கரைச்சல் எண்டு. பாத்துப் பாத்து எனக்கே எல்லாம் பாடமாப்போச்சுது. மேல நிக்கிற சின்னப் பெடியன் தண்ணி ஊத்துற கிண்ணம், அதுக்குக் கீழ மூண்டு தட்டு, சுத்திவர ஏறுற படி, படிக்கட்டுக் கைபிடியில நிக்கிற சாமி எல்லாம். மழைக்கறுப்புப் போய் ஒவ்வொண்டா வெள்ளையா வரும். அவள் துடைச்சது எது, மற்றவை துடைச்சது எது எண்டு இப்பவும் நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவன். அவள் துடைச்சதில விரலிடுக்கில ஒரு பொட்டு ஊத்தை இராது.

இது இந்த ஊருக்கெண்டு செய்ததும் இல்லை, அது தெரியுமோ? பிளோரன்ஸில ஒரு பெரிய பணக்காரன் தன்ர தோட்டத்துக்குச் செய்விச்சது. பிறகு வித்துப்போட்டினம். அறுநூறு துண்டுக்கு மேல கழட்டி, கப்பலில ஏத்தி, இஞ்ச கொண்டந்து பூட்டினவை. தோட்டத்துச் சாமான் இந்தச் சதுக்கத்துக்குள்ள கொள்ளேல்லை. வீடுகளை இடிச்சு இடம் எடுத்தவை. இப்பவும் பாருங்கோ, சின்ன அறைக்குள்ள பெரிய அலுமாரியைத் தள்ளி வச்ச மாதிரித்தான் நிக்குது. வழியில சிலது உடைஞ்சு, சிலது வந்து சேரவே இல்லையாம். இதைச் சொல்லேக்க அவளுக்குக் கண் கலங்கும். கல்லுக்கு ஆரும் அழுவினமே? நாங்கள் ஊரை விட்டு வந்த வரத்துக்கு எங்களுக்கு ஆர் அழுதது?

திறப்பு விழாவுக்கு என்னை வரச் சொன்னவள். எனக்கு நேர சொல்லேல்லை, இவரிட்டைச் சொல்லிவிட்டவள். எனக்கு ரெண்டு நாள் நித்திரை இல்லை. சீலை மினுக்கி வச்சன். அண்டைக்கெண்டு பாத்துச் சிஞ்ஞோரா வீட்டில விருந்து, லீவு இல்லை எண்டிட்டா. அரைவாசியில விட்டுப்போட்டு, வேலை அங்கியோடயும் செருப்போடயும் ஓடி வந்தன். கையெல்லாம் பிளீச் மணம். சரி, பின்னுக்கு நிண்டு பாப்பம் எண்டு அந்த வேலிக்கரையில நிண்டன்.

முன்னுக்கு மூண்டு நிறப் பட்டி போட்ட மேயர், பேராசிரியர்மார், கமராக்காரர். என்ர அப்புக்காத்தரும் நிண்டவர், அந்த வீட்டுக்காரர், கோட்டும் சூட்டும். அவையளுக்கு நடுவில என்ர பிள்ளை. கறுத்தக் கோட்டுப் போட்டு, தலையை விரிச்சு விட்டு, என்ன வடிவு. எல்லாரும் அவளுக்குக் கை குடுக்கினம். நான் அழுதிட்டன்.

அவள் என்னைக் கண்டிட்டாள். அத்தனை பேரையும் விலத்திக்கொண்டு நேர என்னட்டை வந்து, என்ர கையைப் பிடிச்சாள். அவளின்ர கையும் சொரசொரப்பு, என்ர கை மாதிரியே. வேண்டாமடி, விடு எண்டன். விடேல்லை. இழுத்துக்கொண்டு போய் அந்தப் பெரிய ஆக்களுக்கு முன்னால நிப்பாட்டி, இத்தாலியனில சொன்னாள், எல்லாருக்கும் கேக்கச் சொன்னாள்.

"இவ என்ர அம்மா. கல்லை எப்பிடித் துடைக்கிறதெண்டு நான் முதல் பழகினது இவவைப் பாத்துத்தான்."

எல்லாரும் என்னைப் பாக்கினம். என்ர செருப்பைப் பாக்கினம். அப்புக்காத்தர் புருவத்தைத் தூக்கினார். நீங்கள் யோசிச்சுப் பாருங்கோ பிள்ளை. அவ்வளவு படிச்சு, அவ்வளவு பேருக்கு நடுவில நிக்கிற பிள்ளை. கக்கூஸ் கழுவுறவளின்ர மகள் எண்டு அண்டைக்குத் தெரிஞ்சால் நாளைக்கு ஆர் அவளை மதிப்பினம்? அவளுக்கு அது விளங்காது, இளம் ரத்தம். பெத்தவளுக்குத்தானே விளங்கும்.

"இல்லை, இல்லை," எண்டன் நானும் இத்தாலியனில. "நான் வீடு கழுவுறவள். பிள்ளை பகிடி விடுறா."

அப்புக்காத்தர் சிரிச்சார். ஓம் ஓம், இவ எங்கட வீட்டுக்கு வாறவ, நல்ல மனிசி எண்டார். மற்றவையும் சிரிச்சிச்சினம். மேயர் அங்கால திரும்பிட்டார். அவ்வளவுதான், ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியாது, அவளின்ர மரியாதைக்கு ஒரு சிராய்ப்பும் இல்லை. அவளின்ர கை அப்பவும் என்ர கையைப் பிடிச்சுக்கொண்டுதான் இருந்தது. நான்தான் விடுவிச்சுக்கொண்டு பின்னுக்குப் போனன்.

பிறகு தண்ணி திறந்தினம். மேல் கிண்ணத்தில இருந்து வழிஞ்சு, தட்டுத் தட்டா இறங்கி, கீழ உந்தக் கிழவன்ர பானை வரைக்கும் வந்தது. சனம் கை தட்டினது. முப்பது வருசம் இதுக்குப் பக்கத்தில வாளி தூக்கியிருக்கிறன், அண்டைக்குத்தான் முதல் முதல் உது வடிவெண்டு எனக்குப் பட்டது. அவள் தண்ணியைப் பாக்கேல்லை. நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டாள். களைப்பா இருக்கும், எவ்வளவு மாசம் வேலை.

அந்தக் கிழமையே பிளோரன்ஸுக்குப் போயிட்டாள். அங்க பெரிய வேலையாம், கனகாலத்துக்காம். எனக்குச் சொல்லேல்லை. நான் போன் எடுத்தால் அடிச்சு அடிச்சு நிக்கும். இவருக்கு மட்டும் எப்பிடியோ எல்லாம் தெரியுது, அங்க குளிராம், பிள்ளைக்கு இருமலாம் எண்டுவார். எப்பிடித் தெரியும் எண்டு கேட்டால், கேள்விப்பட்டன் எண்டு சொல்லுவார். பின்னேரத்தில பல்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திப்போட்டு ஆரோடயோ சிரிச்சுச் சிரிச்சுக் கதைப்பார். அது ஜேர்மனியில இருக்கிற தன்ர தமையனோட.

எனக்கு மனம் எரியுது பிள்ளை. உண்மையாச் சொல்லுறன், எரியுது. ரெண்டு தரம் அவளைக் காப்பாத்தினன். அம்மா, அண்டைக்கு நீங்கள் அப்பிடிச் சொன்னது நல்லதாப்போச்சுது எண்டு ஒரு சொல்லு சொல்லியிருக்கலாம். ஒரு சொல்லுக்காக இருந்து பாத்தன். முதல் முதல் வருவாள் எண்டு நினைச்சனான். பிறகு, போனாவது எடுப்பாள் எண்டு. இப்ப ஒண்டும் நினைக்கிறதில்லை. சும்மா வந்து இருக்கிறன். வீட்டை போய் என்ன செய்யிறது? அவளின்ர கட்டிலுக்கு விரிப்பு மாத்துறன், ஆரும் படுக்காத விரிப்பு. திருப்பியும் மாத்துறன்.

உங்கட ஆக்கள் வருகினம் போல. கொடி பிடிச்சுக்கொண்டு வாறவர்தானே உங்கட வழிகாட்டி? போங்கோ, போங்கோ, விட்டிட்டுப் போயிடுவினம். நாளைக்கு எந்த ஊர்?

பிளோரன்ஸோ.

நில்லுங்கோ ஒருக்கா. அங்க எங்கயாவது ஒரு சதுக்கத்தில, சிலையைச் சுத்திச் சாரம் கட்டியிருந்தால் மேல ஒருக்காப் பாருங்கோ. வெள்ளை அங்கி போட்டு, மெலிஞ்ச, எங்கட நிறத்தில ஒரு பிள்ளை நிண்டால், அது அவள்தான். சாப்பிட்டியோ எண்டு கேளுங்கோ. இருமல் எப்பிடி எண்டும் கேளுங்கோ. ஆர் கேக்கச் சொன்னது எண்டு கேப்பாள். பக்கத்தில அவளின்ர பெரிய ஆக்கள் ஆரும் நிண்டால் அம்மா எண்டு மட்டும் வாய்தவறியும் சொல்லிப்போடாதேங்கோ. பலெர்மோவில வீடு கழுவுற ஒரு மனிசி கேட்டவா எண்டு சொல்லுங்கோ. அவளுக்கு விளங்கும்.